தீபாவளி முறுக்கு வியாபாரமும் ஆண்டுக் கணக்கும்

குவாலா சிலாங்கூர்: புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் கைப்பக்குவத்துக்குக் குறைவில்லை. தீபாவளிக்கு முறுக்கு நன்றாக விற்றதும் பலருக்குக் கடை போடும் ஆசை வரும். அந்த ஒரு மாத விற்பனையை நம்பி சேமநிதிப் பணத்தைக் கொட்டுவதுதான் ஆபத்து. சாதாரண மாதம் மூன்றுக்கு வரவு செலவை எழுதிப் பார்க்க வேண்டும். எண்ணெயும் கேஸும் கணக்கில் ஏறும்; வீட்டம்மாவின் உழைப்பு மட்டும் ஏறுவதே இல்லை!

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60. தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடனுக்குப் போனாலும் பதிவையோ உரிமத்தையோ கேட்பார்கள். அது கையில் இல்லாதவர்தான் அவசரத்துக்கு ஆலோங்கிடம் போய் நிற்கிறார்.

உணவுத் தொழில் என்றால் டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் கட்டாயம். ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கடைக்கு முன்பணம் கட்டி, பெயர்ப்பலகையும் மாட்டிய பிறகு உரிமம் கேட்பது தலைகீழ் வேலை. அந்த இடத்தில் அந்தத் தொழிலுக்கு அனுமதி உண்டா என்று குவாலா சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தில் முதலில் விசாரிக்க வேண்டும். பெயர்ப்பலகைக்கும் தனி உரிமம் உண்டு.