வன்னியில் கணினிப் பயனர் குழு: யாரை நம்பித் தொடங்குவது?

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'அம்மா' என்ற சொல்கூட நாலு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். மின்னஞ்சலில் ஒட்டினாலும் அதே கதி. வடக்கில் வினாத்தாள், திருவிழா நோட்டீஸ், சங்கக் கூட்ட அறிக்கை என்று பாமினியில் கிடக்கும் கோப்புகள் ஏராளம். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. பக்கத்தில் இருந்து காட்டித்தர ஆளில்லாதவர் முழுவதையும் திரும்பத் தட்டவேண்டியதுதான். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு தொழில்நுட்பப் பயனர் குழு நிலைக்க வேண்டுமானால், அது செயற்கை நுண்ணறிவு பற்றிய பேருரையோடு அல்லாமல் இப்படி ஒரு கோப்போடு தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பயனர் குழுவில் பாடத்திட்டம் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒரே கருவியையோ மென்பொருளையோ பயன்படுத்துகிறவர்கள் குறித்த நாளில் கூடி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கார்க் கொட்டகையில் முப்பது பேரளவில் கூடித் தொடங்கிய ஹோம்புரூ கணினிக் கழகம் இதற்குப் பேர்போன முன்னோடி. ஆப்பிளின் ஸ்டீவ் வோஸ்னியாக் அங்கே போய்வந்தவர் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அதைவிட முக்கியம் கூட்டம் நடந்த முறை. லீ ஃபெல்சென்ஸ்டைன் நடத்திய அமர்வுகளில் ஒவ்வொருவராக எழுந்து தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன வேண்டும் என்று சொல்வார்கள். பிறகு வேண்டியவர் இருப்பவரைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்வார். நமக்குக் கிட்டிய உதாரணம் சென்னை லினக்ஸ் பயனர் குழு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவது அதன் நெடுங்கால வழக்கமாக இருந்தது. நாளும் இடமும் மாறாவிட்டால் அழைப்புக் கிடைக்காதவரும் வந்து சேருவார்.

பயன் இருந்தால் அழைக்காமலே ஆள் வரும் என்பதைக் கணினிக்காரரைவிட இரணைமடுக் குளத்துக் கமக்காரர் நன்றாக அறிவார்கள். சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு யாரையும் வருந்தி அழைக்க வேண்டியதில்லை. குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், வாய்க்காலில் எப்போது நீர் விடுவது என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது, போகாதவருக்குத்தான் நட்டம். நம்மூரில் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. சனசமூக நிலையம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று கூடிப் பழகிய மண் இது. ஆகவே 'சனங்களுக்கு ஆர்வமில்லை' என்ற முறைப்பாட்டை நான் ஏற்கத் தயாரில்லை. வந்தவர் கையில் எதுவும் கொண்டுபோகாத கூட்டத்துக்கு இரண்டாம் முறை ஏன் வரவேண்டும்?

அப்படியானால் யாரைச் சேர்ப்பது? கிளிநொச்சியின் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. குழுவென்றதும் கண் இவர்கள் பக்கம்தான் போகும். ஆனால் மாணவர் நாலு வருடத்தில் போய்விடுவார். அவர் தொடங்கியதும் அவரோடு போகும். உயர்தரத்தில் 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவைக் கற்பிக்கும் ஆசிரியர், பிரதேச செயலகத்தில் எக்செல் அட்டவணையோடு மல்லுக்கட்டும் அபிவிருத்தி உத்தியோகத்தர், கொமியூனிகேசன் கடையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பிள்ளை, போன் திருத்துகிறவர் ஆகியோர் இங்கேயே இருப்பவர்கள். குழுவின் முதுகெலும்பு இவர்களாக இருக்கட்டும். மாணவர் வந்து அறிவைக் கொட்டட்டும். போன் திருத்துகிறவரிடம் பொறியியல் மாணவர் கற்கவும் நிறைய உண்டு. பற்றவைக்கும் கைப்பழக்கம் விரிவுரையில் வருவதில்லை.

வாட்ஸ்அப்பும் யூடியூபும் இருக்கக் கூட்டம் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தவருக்கு அவை போதும். தன் சிக்கலுக்குப் பெயரே தெரியாதவர் எதைத் தேடுவார்? இருநூறு பேர் பார்க்கும் குழுவில் 'இது எனக்கு விளங்கவில்லை' என்று எழுதக் கூச்சமும் உண்டு. பணம் வேண்டுமே என்பது அடுத்த தடை. 2000களின் நடுப்பகுதியில் உலக வங்கி உதவியோடு நாடெங்கும் நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. கணினியும் இணைப்பும் அரிதாயிருந்த காலத்தில் அவை செய்த உதவி பெரிது. கையிலேயே இணையம் வந்தபின் கணினி இருக்கும் அறைக்கு ஆள் வருவது குறைந்தது. இன்று தேவை ஒரு மேசை, ஒரு மின்செருகி, பிளேன்ரீ. ஒரு நூலகமோ சனசமூக நிலையமோ இதைத் தரலாம். 'கெட்டிக்காரர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவார்' என்பதுதான் உண்மையில் கடினமான தடை. அதை நிறுத்த முடியாது. ஒவ்வொரு மாதமும் வேறொருவர் கூட்டத்தை நடத்தினால், ஒருவர் போவதால் கதவு மூடாது.

தூரமும் ஒரு விஷயம். ஏ9 வழியே கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே எழுபது கிலோமீற்றருக்கும் மேல். மூன்று மாவட்டத்துக்கும் ஒரே குழு என்பது பதாகையில் அழகாக இருக்கும், நடக்காது. மூன்று சிறு குழுக்கள், வருடத்தில் ஓரிரு முறை மாங்குளத்தில் ஒன்றுகூடல் என்று வைத்தால் எல்லோருக்கும் நடுவழி. ரியூசன் வகுப்பும் அறுவடையும் மோதாத நாளைப் பார்க்கவேண்டும். முல்லைத்தீவுக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரித்துவிட்டுக் கூட்டம் முடியும் நேரத்தை எழுதினால், பெண்கள் வருவதற்கான வழியும் அதிலேயே பாதி திறக்கும்.