தூளாகும் அரை மில்லிமீட்டர்

ஸ்க்ரோல் சா என்ற ரம்ப இயந்திரத்தில் மாட்டும் 5-ஆம் எண் பிளேடு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நீளம் ஐந்து அங்குலம். அகலம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தடிமன் 0.4 மில்லிமீட்டர். பல் இருப்பதே விரலால் வருடினால்தான் தெரியும். இதைச் செங்குத்தாக நிறுத்தி மேல்முனையை மெல்ல அழுத்தினால் நொடியில் வளைந்துவிடும். அதற்குக் கால் கிலோ எடைகூட வேண்டாம். இந்தத் தகடுதான் முக்கால் அங்குலத் தேக்குப் பலகையை அறுத்துச் செல்கிறது. அதுவும் நேர்கோட்டில் மட்டும் அல்ல. கோலத்தின் சுழி போலச் சுற்றி, இலையின் நுனி வரை போய், அங்கேயே திரும்பி வருகிறது.

பொழுதுபோக்காக மரவேலை செய்யும் பலர் இந்த இயந்திரத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். ஒரு மேசை, அதன் நடுவில் சிறு துளை, அந்தத் துளை வழியாக மேலும் கீழும் ஓடும் பிளேடு. இவ்வளவுதான் பார்வைக்குத் தெரியும். இதன் சூட்சுமம் முழுவதும் பிளேடு கடந்த பின் பலகையில் மிஞ்சும் இடைவெளியில் இருக்கிறது என்பது என் எண்ணம். தூளாகிக் கழிந்துபோகும் அந்த அரை மில்லிமீட்டர்தான் எந்த வளைவு சாத்தியம், எந்தத் துண்டு எதற்குள் பொருந்தும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

வளைந்துபோகும் தகடு மரத்தை எப்படி அறுக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மெல்லிய கம்பியைத் தள்ளினால் வளையும், இழுத்தால் வளையாது. ஸ்க்ரோல் சாவின் மேல்கையும் கீழ்கையும் பிளேடின் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பிளேடு கீழே போனாலும் மேலே வந்தாலும் அந்த இழுவிசை தளர்வதில்லை. பல கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசை அது. அப்படி இழுபட்டு நிற்கும்போது, பக்கவாட்டில் தள்ளினாலும் பிளேடு எளிதில் நகராது. கால் மில்லிமீட்டர் பிசகினாலும் கெட்டுப்போகும் கோட்டை அது பிடித்துச் செல்வதற்கு உருக்கின் கடினத்தைவிட இந்த இழுவிசையே காரணம்.

பழகியவர்கள் இழுவிசையைக் காதால் அளக்கிறார்கள். இயந்திரத்தை நிறுத்தி, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிளேடை விரல்நுனியால் மீட்டுவார்கள். தளர்ந்திருந்தால் மந்தமான சத்தம் வரும். சரியாக இருந்தால் வீணைத் தந்தி போலத் தெளிந்த, உயர்ந்த ஒலி எழும். இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்று மரின் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636-இல் தந்திகளுக்கு எழுதிவைத்த விதி இந்தப் பிளேடுக்கும் அப்படியே பொருந்தும். சில நாள் பழகினால் போதும், எந்த ஒலியில் அறுப்பு நேராகப் போகும் என்று காது சொல்லிவிடும்.

அடுத்தது வேகம். மோட்டாரின் சுழற்சி மேலும் கீழுமான ஓட்டமாக மாறும்போது, பிளேடு ஒவ்வொரு முறையும் சுமார் 19 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. நிமிடத்துக்கு 1,500 முறை என்று ஓட்டினால் இயந்திரம் இரைகிறது, பிளேடு கண்ணுக்கு மங்கலாகிவிடுகிறது. பார்க்க மிக வேகமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் கதை வேறு. மேல்முனையிலும் கீழ்முனையிலும் பிளேடு ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. நடுவில், அதன் உச்ச வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர். ஆள் கொஞ்சம் விரைவாக நடக்கும் வேகம், அவ்வளவே. பலகை அறுக்கும் வட்ட ரம்பத்தின் பற்களோ மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகின்றன. வட்ட ரம்பம் பலகையைப் பிடுங்கி ஆள்மேல் எறியக்கூடியது. ஸ்க்ரோல் சாவிடம் அந்த ஆபத்து இல்லை. மேலே வரும்போது பலகையைத் தூக்கித் தடதடக்கச் செய்யும், விரல் பட்டால் கீறும். பலகையை மேசையோடு அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பயப்பட வேண்டியது தூளுக்குத்தான். மிக நுண்ணிய தூள் இது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சேர்த்துவிட்டது. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் உட்காரக் கூடாது.

இனி வளைவுக்கு வருவோம். ஒரு பிளேடு எவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்பும்? அறுத்த தடத்துக்குள் பிளேடின் முதுகு இடிக்காமல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. வட்டக் கணிதத்தைப் போட்டுப் பார்த்தால் அழகான விடை வருகிறது. பிளேடின் இருபுறமும் உள்ள இடைவெளி மாறாமல் இருந்தால், திரும்பும் ஆரம் பிளேடு அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அகலம் பாதியானால் ஆரம் கால்பங்காகிவிடும். பட்டறைகளில் ஓடும் பட்டை ரம்பமான பேண்ட் சாவில் மிகக் குறுகிய பிளேடுகளில் ஒன்றான கால் அங்குலப் பிளேடு, ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே திரும்ப மறுக்கும். நம் 5-ஆம் எண் பிளேடோ ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய ஆரத்தில் திரும்பிவிடும். பலகையை நின்ற இடத்திலேயே சுழற்றினால், பிளேடின் ஓரங்கள் சுற்றியுள்ள மரத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட, வந்த வழியைப் பார்த்தும் திரும்பிக்கொள்ளும். கூரிய இலைநுனி இப்படித்தான் பிறக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வளைவில் இவ்வளவு லாவகமாகப் போகும் பிளேடுக்கு நேர்கோடுதான் கஷ்டம். அகலமான ரம்பத்துக்கு அதன் உடலே வழிகாட்டி. குறுகிய பிளேடுக்கு அது இல்லை. போதாக்குறைக்கு, பிளேடைத் தயாரிக்கும்போது ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாக அறுப்பதால் பிளேடு ஒருபுறமாகவே இழுத்துக்கொண்டு போகும். பலகையைச் சில டிகிரி சாய்த்துத் தள்ளினால்தான் கோடு நேராக வரும். புதிதாக வாங்கியவர்கள் இயந்திரத்தில் பழுது என்று நினைத்து மனம் உடைந்துபோவது இங்கேதான். பழுது ஒன்றும் இல்லை.

மரமும் தன் பங்குக்குப் பேசும். ஆண்டு வளையத்தில் ஒரு பகுதி மென்மை, அடுத்தது கடினம். பிளேடு கடினமான கோட்டைக் குறுக்கே கடக்கத் தயங்கி, மென்மையான பக்கமாகவே நழுவும். அதைவிடப் பெரிய விஷயம் மரத்தின் நார். நாரின் திசையில் இழுத்தால் மரம் தாங்கும் விசையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, நாருக்குக் குறுக்கே இழுத்தால் தாங்காது. சித்திரத்தில் மெல்லிய தண்டு ஒன்று நாருக்குக் குறுக்காக அமைந்தால், கடைசியில் உப்புத்தாள் தேய்க்கும்போது அது பட்டென்று முறியும். அதனால்தான் நுணுக்கமான சல்லடை வேலைக்குப் பிளைவுட்டை எடுக்கிறார்கள். அடுக்குகள் மாறி மாறிக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தத் திசையிலும் அது ஓரளவு தாங்கும். இழைத்த மரத்தின் அழகு வேண்டுமென்றால், வரைந்த தாளை ஒட்டுவதற்கு முன்பே நார் ஓடும் திசையைப் பார்த்துப் படத்தைத் திருப்பி வைக்க வேண்டும்.

சூடு இன்னொரு தொல்லை. 6 மில்லிமீட்டர் பலகையை அறுக்கும்போது, பிளேடின் ஐந்து அங்குல நீளத்தில் ஓர் அங்குலம்தான் மரத்தைத் தொடுகிறது. உராய்வு முழுவதும் அந்த ஓர் அங்குலத்திலேயே சேர்வதால் பற்கள் அங்கே மழுங்க, மற்ற பற்கள் புத்தம்புதிதாகச் சும்மா இருக்கும். கெட்டிக்காரர்கள் மேசைமீது ஒரு பிளைவுட் துண்டை வைத்து மட்டத்தை உயர்த்திக்கொள்வார்கள். பலகை புதிய பற்களிடம் போய்ச் சேரும். செர்ரி, மேப்பிள் போன்ற மரங்களில் அறுத்த ஓரம் கருகுவது வழக்கம். மேலே பார்சல் ஒட்டும் தெளிவான டேப்பை ஒட்டி அறுத்தால் கருகல் கண்கூடாகக் குறைகிறது. டேப்பின் பூச்சு பிளேடுக்கு வழுக்கலைத் தருகிறது என்பார்கள்.

அந்த அரை மில்லிமீட்டர் தடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இதன் வரலாறே அங்கே இருக்கிறது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர் ஒரு வரைபடத்தை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளை ஒட்டி மெல்லிய கைரம்பத்தால் அறுத்து, சிறுவர்கள் பூகோளம் படிப்பதற்கென்று விற்றார். இன்று நாம் ஜிக்சா என்று சொல்லும் புதிருக்கு அதுவே ஆரம்பம். தடம் மெல்லியதாக இருந்ததால்தான் துண்டுகளைச் சேர்க்கும்போது எல்லைகள் சேர்ந்து வரைபடம் முழுமையாகத் தெரிந்தது. 1909-இல் அமெரிக்காவில் இந்த மரப் புதிர்களுக்கு வந்த மோகத்தைச் சமாளிக்க, பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மற்ற விளையாட்டுகளை நிறுத்திவிட்டுப் புதிர் அறுப்பதிலேயே முழுவதுமாக இறங்கியது.

அதற்கும் முன்பே, பதினான்காம் லூயியின் பிரான்சில் ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732) என்ற தச்சர் இதே தடத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஒரே முறையில் அறுப்பது அவர் பட்டறையின் வழி. பித்தளைப் பூ ஆமை ஓட்டுப் பள்ளத்தில் உட்காரும்; ஆமை ஓட்டுப் பூ பித்தளைப் பள்ளத்தில் உட்காரும். ஓர் அறுப்பில், நிறம் மாறிய இரட்டை அலங்காரம். ஆனால் பூவைச் சுற்றிப் பிளேடு தின்ற இடைவெளி எஞ்சிவிடும். அதை எதையாவது நிரப்பி மறைக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பாமலே ஒழிக்க முடியும். மேசையைச் சாய்த்தால் போதும். இரண்டு பலகைகளை அடுக்கி, மேசையைச் சில டிகிரி சாய்த்து அறுத்தால், வெட்டி எடுத்த துண்டு புனல் போல மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். மேல்பலகையிலிருந்து வந்த துண்டு கீழ்பலகையின் துளையைவிட ஓர் இழை பெரியது. அதைக் கீழ்பலகைத் துளைக்குள் இறக்கினால், பாதியிலேயே சிக்காமலும் தொளதொளவென்று விழாமலும், இரண்டு மேல்பரப்புகளும் மட்டமாகும் இடத்தில் வந்து இறுக வேண்டும். எத்தனை டிகிரி சாய்த்தால் அப்படி நடக்கும்? தடத்தின் அகலத்தை ஒரு பலகையின் தடிமனால் வகுத்தால் வருவது அந்தக் கோணத்தின் சைன். 6 மில்லிமீட்டர் பலகை, அரை மில்லிமீட்டர் தடம் என்றால் ஏறக்குறைய 5 டிகிரி. 3 மில்லிமீட்டர் பலகைக்கு 10 டிகிரி அளவில் வரும். பள்ளிக்கூடத்தில் எதற்கு என்று தெரியாமல் படித்த சைன் இங்கே கையில் கிடைக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: தொடக்கம் முதல் முடிவு வரை பலகையை ஒரே திசையில்தான் சுற்றி வர வேண்டும். நடுவில் மாற்றிச் சுற்றினால் சரிவு தலைகீழாகிவிடும், துண்டு பொருந்தாது. ஒவ்வொரு பிளேடின் தடமும் கொஞ்சம் வேறுபடும் என்பதால், நல்ல மரத்தில் கை வைப்பதற்கு முன் கழிவுத் துண்டுகளில் ஒரு சிறு வட்டத்தை அறுத்துப் பார்ப்பதே நல்லது. துண்டு மேலே துருத்திக்கொண்டு நின்றால் கோணத்தைக் குறைக்க வேண்டும். கீழே இறங்கிவிட்டால் கூட்ட வேண்டும்.

சாய்வைக் கூட்டினால் தட்டைப் பலகையிலிருந்து கிண்ணமே எழுகிறது. 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்து, மேசையை 23 டிகிரி அளவில் சாய்த்து அறுங்கள். பிளேடை நுழைக்கும் துளையையும் அதே சரிவில் போட வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் அடிப்பக்கமும் அதற்கு உள்ளே இருந்த வளையத்தின் மேல்பக்கத்தோடு ஓரத்துக்கு ஓரம் சேரும். பெரியதை மேலே வைத்து அடுக்கி ஒட்டி, உள்ளும் புறமும் தேய்த்தால் கடைசலில் கடைந்தது போன்ற கிண்ணம். கடைசலில் இதே கிண்ணத்துக்குப் பெரிய மரக்கட்டை வேண்டும், நடுப்பகுதி முழுவதும் சீவலாகப் போய்விடும். இங்கே ஒரு பலகை போதும்.

சதுரக் கட்டையிலிருந்து மான் எடுப்பது இன்னொரு வியப்பு. கட்டையின் ஒரு முகத்தில் மானின் பக்கத்தோற்றத்தையும், அடுத்த முகத்தில் முன்தோற்றத்தையும் ஒட்டுவார்கள். முதல் முகத்தை அறுத்து முடித்ததும், கழிவுத் துண்டுகளை எறியாமல் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்து டேப்பால் கட்டி, மீண்டும் முழுக்கட்டை ஆக்குவார்கள். பிறகு 90 டிகிரி திருப்பி இரண்டாம் முகத்தை அறுப்பார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே மான் முழு உருவமாக இருக்கும். இரண்டு தட்டைச் சித்திரங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடமே அந்த உருவம்.

இதில் பிளேடுக்குப் பெரும் சோதனை தூளை வெளியேற்றுவது. கட்டை 40 மில்லிமீட்டர், பிளேடின் ஓட்டமோ 19 மில்லிமீட்டர். ஆகவே நடுவில் இருக்கும் பற்கள் மரத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை; வெட்டிய தூளைச் சுமந்துகொண்டே மறுபடி வெட்டுகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல் எடுத்த பிளேடுகளை இதற்கு மாட்டுவது அந்தத் தூளுக்கு இடம் வேண்டும் என்பதால்தான். அப்படி மாட்டினாலும் மெதுவாகத்தான் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் பிளேடு வயிறு தள்ளி வளைந்து, மானின் கால் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வரும். பிளேடு கட்டையை முழுவதும் துளைத்துத்தான் போகும், பாதியில் நிற்காது. அதனால் கண்ணுக்குரிய குழியை மட்டும் பிறகு சிறு கத்தியால் கிள்ளி எடுக்கிறார்கள்.