வங்கிக் கிளைகளும் நாட்டின் வளர்ச்சியும்

வங்கியொன்று தன் கிளையை எங்கே நிறுவலாம் என்பதை அரசு வரையறுத்தல் முறையோ என்னும் வினாவுக்கு இலங்கை வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஆங்கில வங்கிகள் தோட்டங்களையும் ஏற்றுமதி வாணிகத்தையும் பின்தொடர்ந்து வந்தவை. துறைமுகங்களையும் மலைநாட்டு நகர்களையும் விட்டு அவை பெரும்பாலும் அப்பாற் செல்லவில்லை. கோப்பிப் பயிர் நோயால் அழியவே, 1884இல் ஒறியன்டல் வங்கி முறிந்தது. அதன் நாணயத் தாள்களுக்கு அரசே பொறுப்பேற்க நேர்ந்தது. நெற்செய்கையாளனுக்கோ சிறுவணிகனுக்கோ இவ்வங்கிகளின் வாயில் திறந்ததில்லை. இடையில் நின்றோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து, வங்கிகளிடம் பெற்ற பணத்தையும் தம் முதலையும் உயர்ந்த வட்டிக்கு அவர்கள் வழங்கினர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. ஆயின் வங்கி நம்பாதவனை நம்பினோர் அவர்களே. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் அமைந்த ஆணைக்குழு அரச ஆதரவுடைய வங்கியொன்றை வேண்டிற்று. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது.

1961ஆம் ஆண்டு திருப்புமுனையாயிற்று. இலங்கை வங்கி அரசுடைமையாயிற்று. மக்கள் வங்கி நிறுவப்பட்டது. அந்நிய வங்கிகள் இலங்கையரிடம் புதிய வைப்புப் பெறுதல் தடுக்கப்பட்டது. அதன்பின் கிளைகள் கிராமம் நோக்கிப் பெருகின. எனினும் கிளை திறத்தல் வேறு, கடன் பயன்படுதல் வேறு. 1967இன் புதிய விவசாயக் கடன் திட்டத்தில் பெருந்தொகை நிலுவையாக நின்றுவிட்டது.

பிறநாட்டு அனுபவம் வியப்பூட்டுவது. இந்தியாவில் 1977 முதல் 1990 வரை, வங்கியுள்ள ஊரில் ஒரு கிளை திறக்க விரும்பிய வங்கி, வங்கியில்லாத ஊர்களில் நான்கு திறத்தல் வேண்டும் என்பது விதி. இதனால் கிராம வறுமை குறைந்ததென பர்கஸ், பாண்டே என்போர் 2005இல் காட்டினர். ஆங்கும் திரும்பாக் கடன் மிகுந்திருந்தது. அமெரிக்காவிலோ, கிளைத் தடைகளை மாநிலங்கள் தளர்த்தியபின் வளர்ச்சி விரைவுற்றதென ஜயரத்னா, ஸ்ட்ராஹன் என்போர் 1996இற் கண்டனர். கடனின் அளவு பெருகியதாலன்று, கடன் கொடுக்கும் தெரிவு செம்மையுற்றதாலேயே அது நேர்ந்தது என்பது அவர்தம் கருத்து.

ஒருபுறம் கட்டளை, மறுபுறம் விடுதலை. இரண்டும் நன்மை தந்தமை முரண்போலத் தோன்றும். முரணன்று. அமெரிக்கத் தடை, உள்ளூர் வங்கிகளைப் போட்டியினின்று காத்தது; இந்திய விதியோ, இலாபம் கருதி எவரும் செல்லாத ஊருக்கு வங்கியைச் செலுத்திற்று. இலங்கைக்கு இவ்விரு நோயும் இருந்தன. 1979இன் பின் அந்நிய வங்கிகள் மீண்டும் வந்தபோது அவை நாடியது பெரும்பாலும் கொழும்பையே. கிராமக் கிளைகளிலோ, இன்றும் எளியோர் கூட்டம் மிக்கது நகை அடகுப் பகுதியிலேயாம். வங்கி அங்கே மதிப்பிடுவது உழவனின் விளைச்சலையன்று, அவன் மனைவியின் தாலிக்கொடியை.