எந்த வாசலில் நுழைந்தாலும் இசட்லிப்!



நம்ம தில்லைக் கோயிலுக்குக் கோபுரம் நாலு. எந்த வாசல் வழியா நுழைஞ்சாலும் தரிசனம் ஒன்றுதான். கம்ப்யூட்டரிலும் அதே கதை. ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவானாலும், தகவலைச் சுருக்கித் தர இசட்லிப் என்ற இலவச லைப்ரரி உண்டு. ழான்-லூப் கெய்லி, மார்க் ஆட்லர் இருவரும் 1995-இல் வெளியிட்டது.

சுருக்கம் எதற்கு என்கிறீர்களா? 'சிதம்பரம்' என்று யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் 9 குறியீடுகள், 27 பைட்கள்! ஒவ்வொரு குறியீட்டிலும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதானே இசட்லிப்பின் வேலை? ஆகவே தமிழ்க் கோப்பு நன்றாகவே சுருங்கும்.

இனி நான்கு வாசல்கள்:

1. உபுண்டு, டெபியன்: 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் இசட்லிப்1ஜி-டெவ்'. நம் நாட்டு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே.
2. ஃபெடோரா: 'சுடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் இசட்லிப்-டெவல்'.
3. மேக்: எக்ஸ்கோட் கமாண்ட் லைன் டூல்ஸ் போட்டாலே கூட வந்துவிடும்.
4. விண்டோஸ்: விசிபேக்கேஜ் கருவியை இறக்கி, 'விசிபேக்கேஜ் இன்ஸ்டால் இசட்லிப்'.

லினக்ஸில் 'டெவ்', 'டெவல்' என்ற வாலை விட்டுடாதீங்க! வால் இல்லாத பொதி, ஏற்கெனவே தயாரான புரோகிராம் ஓட மட்டும்தான். நாம் சி புரோகிராம் கம்பைல் பண்ண ஹெடர் ஃபைல் வேணும். அது வாலில்தான் இருக்கு. 'இசட்லிப் டாட் ஹெச் இல்லை' என்று எரர் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று வந்தால், கம்பைல் கட்டளையின் கடைசியில் 'மைனஸ் எல் இசட்' சேர்க்கணும்.

ஜூனியர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்று: கண்ட இடத்தில் இறக்காதீங்க. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற வேறொரு சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு இருந்தது அம்பலமானது. பராமரிப்பாளராகவே நுழைந்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் வைத்த கதவு அது! லாகின் பண்ண அரை வினாடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற எஞ்சினியரால் உலகம் தப்பித்தது.

அதிகாரபூர்வ இடத்திலேயே ஒருவன் புகுந்துவிட்டான் என்றால், முகம் தெரியாத தளத்தில் கிடைப்பதை எப்படி நம்புவது? ஆகவே முறையான இடத்தில் எடுங்க. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. அரை வினாடி வித்தியாசம் தெரிந்தாலும் 'ஏன்?' என்று கேளுங்க. லேபில் இன்றே முயன்றுதான் பாருங்களேன்!