சாக்கு நெய்த ஊர்: டண்டீயின் தொழில்களும் டைரக்டரியில் இல்லாத பெயர்களும்

1

ஒரு ஊரில் யார் யார் என்னென்ன தொழில் செய்து பிழைத்தார்கள் என்று கேட்டால், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களைப் பொறுத்தவரை வரலாற்றாசிரியர்கள் உடனே கைநீட்டுவது வணிக டைரக்டரியின் பக்கம்தான். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிற டண்டீ துறைமுகத்துக்கு 1782இலேயே டைரக்டரி வந்துவிட்டது. அடுத்த நூற்றாண்டு முழுக்க அது தடித்துக்கொண்டே போனது. கப்பல் முதலாளி, சணல் வியாபாரி, கயிறு திரிப்பவர், பாய் தைப்பவர், பீப்பாய் செய்பவர், ரொட்டிக் கடைக்காரர், சாராயக் கடைக்காரர் என்று பெயர், தொழில், தெரு எல்லாம் வரிசையாக இருக்கும். கடை நடத்திய விதவைகள், துணி தைத்துக் கொடுத்தவர்கள், வாடகைக்கு அறை விட்டவர்கள் என்று சில பெண்களும் தென்படுவார்கள்.

ஆனால் அந்த ஊரை ஊராக வைத்திருந்தது இவர்கள் யாருமல்ல. ஆலைக்குள் நூல் நூற்ற, தறி ஓட்டிய பல்லாயிரம் பெண்களுக்கு டைரக்டரியில் இடமில்லை. காரணம் எளிமையானது: விற்கச் சொந்தமாகச் சரக்கு உள்ளவருக்குத்தான் அதில் வரி ஒதுக்கப்பட்டது. உழைப்பை மட்டும் விற்பவள் எந்தக் கடைப்பலகையிலும் பெயர் எழுதிக்கொள்வதில்லை. ஆக, 'தொழில்' என்ற சொல்லையே முதலாளியின் பக்கமிருந்து வரையறுத்த பிரதி அது. அதை ஆவணம் என்று நம்பி வரலாறு எழுதினால் எழுதுகிறவனும் கணக்குப்பிள்ளையாகிப் போவான். அதை எதிர்த்திசையில் வாசித்துப் பார்க்கலாம்.

2

முதலில் சரக்கு. டண்டீயின் பழைய தொழில் லினன். ரிகா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன்ற பால்டிக் துறைமுகங்களிலிருந்து ஆளிச்செடி நார் கப்பலில் வந்து இறங்கும். அதிலிருந்து கித்தானும் முரட்டுத் துணியும் நெய்தார்கள். 'ஆஸ்னபர்க்' எனப்பட்ட முரட்டுத் துணி அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அடிமைகளின் உடம்பில் ஏறியது. டண்டீயில் அடிமைச் சந்தை இருந்ததில்லை. ஆனாலும் அடிமைமுறை இல்லாமல் அந்தத் துணிக்கு அவ்வளவு பெரிய சந்தை இருந்திருக்காது.

1820களில் வங்காளத்துச் சணல் பரீட்சார்த்தமாக வந்து இறங்கியது. விலை மலிவு. ஆனால் நார் காய்ந்து விறைத்துக் கிடந்தது. எந்திரத்தில் போட்டால் படக் படக்கென்று அறுந்தது. இதற்கு மருந்து அந்த ஊர்த் துறைமுகத்திலேயே இருந்தது. டண்டீயில் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே திமிங்கில வேட்டைக் கப்பல்கள் உண்டு. ஆர்க்டிக் கடலிலிருந்து அவை கொண்டுவந்த எண்ணெய் அதுவரை விளக்கெரிக்கப் பயன்பட்டது; தெருவிளக்குக்கு எரிவாயு வந்ததும் அதன் மவுசு குறைந்தது. அந்த எண்ணெயையும் தண்ணீரையும் சணலின் மேல் தெளித்து ஊறவிட்டபோது நார் இளகி எந்திரத்துக்கு அடங்கியது. வங்காளத்து விவசாயி அறுத்த செடியையும் கிரீன்லாந்துக்கு அப்பால் குத்திக் கொல்லப்பட்ட விலங்கின் கொழுப்பையும் ஒரே கொட்டகையில் கொண்டுவந்து சேர்த்தது அந்தத் துறைமுகம். இதுதான் அதன் தொழில்நுட்ப ரகசியம்.

சந்தையைத் திறந்துவிட்டதும் காலனியமும் போரும்தான். 1838இல் டச்சு அரசு, தன் கிழக்கிந்தியக் காலனிகளின் காப்பிக்கொட்டைக்காகச் சணல் சாக்குகள் கேட்டுப் பெரிய ஆர்டர் கொடுத்தது. 1854-56 கிரீமியப் போரில் ருஷ்ய நார் வரத்து தடைப்பட்டபோது சணல் அந்த இடத்தைப் பிடித்தது. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போர் சாக்குக்கும் கூடாரத் துணிக்கும் கிராக்கியை ஏற்றியது. எங்கோ ஆள் செத்துக்கொண்டிருந்தபோது டண்டீயில் புகைபோக்கிகள் எழும்பின. லாக்கீ பகுதியில் காக்ஸ் சகோதரர்கள் நடத்திய கேம்பர்டவுன் ஆலையில் உச்சகட்டத்தில் 5,000 பேர் அளவில் வேலை செய்தார்கள். 1860களின் நடுவில் கட்டிய அதன் 282 அடி உயரப் புகைபோக்கி இன்றும் நிற்கிறது.

மற்ற தொழில்களெல்லாம் இந்த முடிச்சோடு கட்டப்பட்டவைதான். பனிக்கட்டியில் மோதினாலும் தாங்கும் மரக்கப்பல்களைக் கட்டும் திறமை வேட்டையால் வளர்ந்தது. ஸ்காட்டின் 1910ஆம் வருடத்துத் தென்துருவப் பயணத்தில் புகழ்பெற்ற 'டெர்ரா நோவா' 1884இல் இங்கே வேட்டைக்காகக் கட்டப்பட்ட கப்பல். ஆலை எந்திரங்கள் செய்ய வார்ப்படப் பட்டறைகள் வந்தன. கீலர் குடும்பத்து மார்மலேட் ஜாமும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 'சணல், ஜாம், ஜர்னலிசம்' என்று ஊரைப் பற்றிச் சொல்வார்கள். எதுகை மோனையோடு சொல்லிவிட்டால் ஒரு வசதி, உள்ளே வேலை செய்தது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

3

பெண்கள்தான். சணல் தொழிலாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பெண்கள். ஏன்னா பெண்ணுக்குக் கூலி குறைவு, அவ்வளவுதான் சூத்திரம். பையன்களைச் சின்ன வயதில் சேர்த்துக்கொள்வார்கள். வளர்ந்து ஆம்பளைக் கூலி கேட்கிற வயது வந்ததும் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். பெண்டாட்டி ஆலைக்குப் போக, வேலையில்லாத புருஷன் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'கெட்டில் கொதிக்க வைக்கிறவன்'. ஆண்மை பற்றிய விக்டோரிய ஒழுக்கப் போதனைகள் பிரசங்க மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது, கூலிக் கணக்கு அதைத் தெருவில் தலைகீழாக்கிவிட்டது. இதைப் பெண்விடுதலை என்று கொண்டாடத் தேவையில்லை. சம்பாதிக்கிறவள் அவளாக இருந்ததால் அவளுடைய வீட்டுவேலை குறைந்துவிடவில்லை.

இந்தப் பெண்களும் ஒரே வார்ப்பு அல்ல. நூற்பவள் சால்வை போர்த்திக்கொண்டு தெருவில் நடப்பாள். நெசவுக்காரி தொப்பியும் கையுறையும் போட்டுக்கொள்வாள். நெசவுக்காரிக்குக் கூலி கொஞ்சம் கூடுதல், அந்தஸ்தும் கூடுதல். இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போவதைக் காண்பது அரிது. இதன் மேல் இன்னொரு கோடு: பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர்கள். 1851 கணக்கெடுப்பின்போது நகரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர்; லாக்கீக்கு 'சின்ன டிப்பரரி' என்றே பெயர். பாதிநாள் ஆலை, பாதிநாள் பள்ளிக்கூடம் என்று 'அரைநேரப் பிள்ளைகள்' 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தார்கள். தூசு நுரையீரலுக்குள் போனது. தறிச் சத்தம் காதைக் கொண்டு போனது. காது அடைத்த கூடத்துக்குள் பெண்கள் சைகையாலும் உதட்டசைவாலும் பேசிக்கொண்டார்கள். மேஸ்திரி கேட்க முடியாத ஒரு மொழி அவர்களுக்கு இப்படிக் கிடைத்தது. எந்த நிர்வாகியும் திட்டமிடாத உற்பத்தி இது.

சங்கம் வருவதற்கு முன்னாலேயே அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திடீரென்று தறியை நிறுத்திவிட்டு, பாடிக்கொண்டும் முதலாளியைக் கேலி செய்துகொண்டும் தெருவில் ஊர்வலம் போவார்கள். 1885இல் ஒரு பாதிரியார் தலைமையில் சங்கம் வந்தது. 1906இல் சணல், ஆளிநார்த் தொழிலாளர்களுக்கான தனிச் சங்கம் வந்தது. 'கட்டுப்பாடற்ற பெண்கள்' என்று பத்திரிகைகள் முகம் சுளித்த அந்த ஊர்வலங்களை அரசியலுக்கு முந்தைய கூச்சல் என்று தள்ளிவிடுவது, அரசியலைச் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்துக்குள் தேடுகிற பழக்கம்.

4

இனி மூலதனம். அது எந்த ஊருக்கும் சொந்தமில்லை. 1855இல் ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலையை நிறுவினார் ஜார்ஜ் ஆக்லண்ட். இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்தியவர் அவர். எந்திரங்கள் டண்டீயிலிருந்து போயின. 1859இல் பராநகரில் விசைத்தறிகள் வந்தன. பிறகு டண்டீயின் மேஸ்திரிகளும் மேலாளர்களும் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்கள். தாமஸ் டஃப் கம்பெனி டண்டீயில் உட்கார்ந்துகொண்டே ஹூக்ளிக்கரை ஆலைகளை நிர்வகித்தது. நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தா டண்டீயை முந்திவிட்டது.

சணலில் வந்த லாபம் வேறு திசையிலும் பறந்தது. ராபர்ட் ஃப்ளெமிங் 1873இல் தொடங்கிய முதலீட்டு டிரஸ்ட் அந்தப் பணத்தை அமெரிக்க ரயில்வேயில் போட்டது. 1882இல் டண்டீக்காரர்கள் தொடங்கிய மெட்டடார் கம்பெனி டெக்சாசில் மாட்டுப் பண்ணை வைத்தது. டண்டீயின் சந்துகளில் ஒற்றை அறைக்குள் குடும்பங்கள் அடைந்து கிடக்க, அவர்கள் உழைப்பு டெக்சாசில் புல் மேய்ந்தது.

5

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1890களில் டண்டீ ஆலைமுதலாளிகளுக்கு இந்தியத் தொழிலாளிகள் மேல் திடீரென்று கருணை பொங்கியது. கல்கத்தா ஆலைகளில் மின்விளக்கு வந்து இரவிலும் தறி ஓடத் தொடங்கியிருந்தது. அங்கே பெண்களையும் குழந்தைகளையும் கசக்குகிறார்கள், பிரிட்டனின் ஆலைச் சட்டங்கள் இந்தியாவிலும் வேண்டும் என்று டண்டீ குரல் எழுப்பியது. அதன் நாடாளுமன்ற உறுப்பினரும் பத்திரிகை முதலாளியுமான ஜான் லெங் இந்தப் பிரச்சினையை எடுத்துப் பேசினார். தன் ஆலையில் அரைநேரப் பிள்ளைகளை நிறுத்திவைத்திருந்த ஊர்தான் இதைப் பேசியது.

பாசாங்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சொன்னது உண்மை. ஹூக்ளிக்கரையில் கசக்கத்தான் செய்தார்கள். சட்டம் வேண்டாமென்று எதிர்த்த கல்கத்தா முதலாளிகளோ 'இந்தியத் தொழிலின் நலன்' என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றார்கள், அவர்களிலும் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள்! ஒரு பக்கம் மனிதநேயம், மறுபக்கம் உள்ளூர்த் தொழில் என்று இரண்டு சொல்லாடல்கள் மோதிக்கொண்டன. இரண்டும் ஒரே வர்க்கத்தின் வாயிலிருந்து வந்தவை. உண்மை இரண்டு முதலாளிக் கூட்டத்துக்கு நடுவில் பந்தாக உதைபட்டது.

இதே ஆட்டத்தை 1990களில் மறுபடியும் பார்த்தோம். உலக வர்த்தக விதிகளில் தொழிலாளர் தரம் பற்றிய 'சமூக ஷரத்து' சேர்க்க வேண்டும் என்று பணக்கார நாடுகள் கேட்டன. நம்முடைய அரசும் முதலாளிகளும் அது காப்புவாதம் என்றார்கள். 1996 சிங்கப்பூர் மாநாட்டில் உலக வர்த்தக அமைப்பு அந்தப் பொறுப்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பக்கம் தள்ளிவிட்டது. ஷரத்தை எதிர்த்த இடதுசாரிகளில் பலரும், தங்களை அறியாமலே, உள்ளூர் முதலாளியின் வாசகத்தைத்தான் உச்சரித்தார்கள். ஆதரித்தவர்களில் பலர் டண்டீ முதலாளியின் வாசகத்தை உச்சரித்தார்கள்.

டண்டீ நமக்குத் தருகிற பாடம் இதுதான்: கோரிக்கை சரியா என்பதோடு, அதை யார் எந்த இடத்திலிருந்து எழுப்புகிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும். டண்டீ நூற்புக்காரியும் ஹூக்ளிக்கரைத் தொழிலாளியும் ஒரே நாரைத் தொட்டவர்கள், ஒரே தூசைச் சுவாசித்தவர்கள். ஆனால் ஒருத்தியின் வேலையை மற்றவள் பறிக்கிறாள் என்றுதான் இருவருக்கும் சொல்லப்பட்டது. டண்டீயின் கடைசிச் சணல் ஆலையும் 1990களின் முடிவில் மூடப்பட்டது. 1833இல் கட்டிய ஓர் ஆலை இப்போது அருங்காட்சியகம். டைரக்டரியில் பெயர் இல்லாதவர்களின் தறிகளை அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். நம் வீட்டு மூலையில் கிடக்கிற கோணிப்பைக்கு அந்த வசதிகூடக் கிடையாது. அதை நெய்தவர் பெயரை எந்த டைரக்டரியிலும் நாம் தேடியதில்லை.