வெள்ளைக் கண் பச்சை மேக்பை

மேக்பை என்றதும் நம்மவர் பலருக்குத் தோட்டத்தில் சீட்டியடிக்கும் குண்டுகரிச்சானே நினைவுக்கு வரும். அதன் ஆங்கிலப் பெயரிலும் அச்சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் நேர்ந்த மயக்கம் இது. உண்மையான மேக்பைகளோ காக்கைக் குடும்பத்தவை. தமிழகத்தார் வால்காக்கை என்றழைக்கும் பறவைக்கு உறவினர்.

அவற்றுள் ஒன்று போர்னியோத் தீவின் மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் வாழ்வதில்லை. உடல் பச்சை, கண்ணை ஊடறுத்துச் செல்லும் கறுப்புப் பட்டை, செங்காவிச் சிறகு, சிவந்த அலகும் கால்களும். ஜான் ஒயிட்ஹெட் கினபாலு மலையில் திரட்டிய பறவைகளைக் கொண்டு 1888-இல் ஷார்ப் என்னும் அறிஞர் இதனை விவரித்து, ஒயிட்ஹெட்டின் தந்தை ஜெஃப்ரியின் பெயரைச் சூட்டினார்.

இமயமலை அடிவாரம் முதல் போர்னியோ வரை பரவிய மற்றொரு பச்சை மேக்பையும் இத்தீவில் உண்டு. நிறத்தை நம்பி இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. கண்ணை நோக்குக! மலைப்பறவையின் கருவிழி வட்டம் வெண்மை, மற்றதனுடையது கருஞ்சிவப்பு. மற்றதன் வால் நீளமானது. அதன் உட்சிறகு முனைகளில் கறுப்பும் வெள்ளையும் காணப்படும். மலைப்பறவையின் வால் குட்டை. சிறகில் அக்கறுப்பு இல்லை.

பொருட்காட்சிசாலையில் இவற்றைக் கற்கப் புகுவோர் ஏமாறுவர். அங்கிருப்பது பெரும்பாலும் நீலப் பறவை! உணவிலிருந்து பெறும் மஞ்சள் நிறமியும் இறகின் அமைப்பு தரும் நீலமும் சேர்ந்ததே இப்பச்சை. ஒளிபட்டு மஞ்சள் வெளுத்தால் நீலமே எஞ்சும். பாடம் செய்த உடலில் கண்ணுக்குப் பதில் பஞ்சுதான். தலையாய அடையாளம் பறவையோடு மடிந்துவிடுகிறது. சேகரித்தவர் சீட்டில் எழுதிய குறிப்பே துணை.

இது வெறும் பெயராராய்ச்சியன்று. ஜாவாவின் பச்சை மேக்பைக்குக் கரும்பழுப்புக் கண். ஆயினும் நெடுங்காலம் அதனையும் போர்னியோப் பறவையையும் ஒரே இனமாக எண்ணினர். கினபாலுவில் இது நலமாயிருக்க, ஜாவாவில் காடழிப்பாலும் கூண்டுப்பறவை வாணிகத்தாலும் அது அருகியதைக் கருதினாரில்லை. இந்நூற்றாண்டில் தனியினமாகப் பிரித்த பின்னரே அது அற்றுப்போகும் விளிம்பில் நிற்பது தெளிவாயிற்று. இன்று மேற்கு ஜாவாவில் சிக்கனாங்கா என்னுமிடத்தில் அதனைக் காத்து இனம்பெருக்கி வருகின்றனர்.

சபா செல்லும் ஆசிரியர்கள், 1964-இல் அமைந்த கினபாலு பூங்காவில் விடியுமுன் எழுவது நன்று. இரவெல்லாம் விளக்கடியில் திரண்ட விட்டில்களைத் தின்ன இப்பறவை இறங்கி வருவதுண்டு. இருநோக்காடியை முதலில் கண்ணுக்கே திருப்புங்கள்.