லயத்து வீட்டின் கதை



சங்க வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே பழைய லயத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூரைத் தகரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றியாகிவிட்டது. பலகைச் சுவர்களும் போய்விட்டன. மரத்தடியில் ஒரு பாட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாட்டி, புது வீட்டுக்குத்தான் போயாச்சே. இன்னும் இங்க என்னா பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"அந்த அஞ்சாவது வீடுதான் தம்பி எங்க வீடு. ஏழு புள்ளைங்கள அதுலதான் பெத்து வளத்தேன். சுவரு இருந்தப்ப தெரியல. இப்பப் பாத்தா இம்புட்டு இடந்தானான்னு இருக்கு" என்றார்.

அந்தப் பேச்சு என் மனத்தை விட்டு அகலவில்லை. நாம் பிறந்து வளர்ந்த வீட்டை யார் கட்டினார்கள், எதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

ஒரே கூரை, வரிசை வீடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் வருவதை 1938-ல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. இப்படி வந்து இறங்கியவர்களைக் குறைந்த செலவில் ஒரே கூரையின் கீழ் அடக்கக் கட்டியதுதான் லயம். குடும்பம் வாழ வேண்டும் என்று கட்டியதல்ல. ஆள் வேலைக்கு வரவேண்டும் என்று கட்டியது. பட்டாளத்துக்காரர்களின் கொட்டகை போல!

முதலில் காட்டு மரக்கால், பலகை, மேலே அத்தாப்பு. பின்னால் செங்கல் தூணும் தகரக் கூரையும் வந்தன. ஓர் அறை 10 அடிக்கு 10 அடி, மிஞ்சினால் 10 அடிக்கு 12 அடி. சில லயங்களில் இரண்டு வரிசை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அந்த வீட்டுக்குப் பின்கதவும் இல்லை, பின்சன்னலும் இல்லை. காற்றோட்டத்துக்காக இடைச்சுவரைக் கூரை வரை எழுப்பாமல் விட்டிருப்பார்கள். முதல் வீட்டில் குழந்தை அழுதால் கடைசி வீட்டுக்குக் கேட்கும். புருஷன் பெண்சாதி சண்டை ஊருக்கே கேட்கும். ரகசியம் என்பது லயத்தில் கிடையாது.

சில லயங்களைத் தூண்மேல் உயர்த்திக் கட்டினார்கள். மேலே படுக்கை, கீழே சமையல். ஏணை கட்டுவதும், ஆடு கட்டுவதும், மழை நாளில் துணி காயப்போடுவதும் கீழேதான்.

மேடும் பள்ளமும்

பழைய தோட்டத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். காற்று வாங்கும் மேட்டில் துரை பங்களா. அதற்குச் சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே நம் லயம். யார் பெரியவர், யார் சிறியவர் என்று நிலமே சொல்லும்.

பள்ளத்தில் கட்டியது உயிரையும் வாங்கியது. 1901-ல் டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் கிள்ளான் பட்டணத்தில் சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. கொசு பிறக்கும் சதுப்புக்கும் ஓடைக்கும் பக்கத்தில் லயம் இருந்தால் காய்ச்சலும் சாவும் அதிகம் என்பது புலப்பட்டது. காய்ச்சலில் படுத்தவன் பிரட்டுக்கு வரமாட்டான் அல்லவா? அந்தக் கணக்குப் புரிந்த பிறகே கால்வாய் வெட்டினார்கள், எண்ணெய் தெளித்தார்கள், லயத்துக்கு நல்ல இடம் தேடினார்கள்.

1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலம். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்ததில் பல லயங்கள் வெறிச்சோடின. 1948-ல் அவசரகாலம் வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். பல தோட்டங்களில் வீடுகள் நெருங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாம் கட்டிய வீடு

துரை கொடுத்தது நான்கு சுவர். அதை வீடாக்கியவர்கள் நம் தாய்மார்கள். அஞ்சடியைச் சாணி போட்டு மெழுகிக் கோலம் போட்டார்கள். சுவரில் சாமிக்கு ஒரு பலகை அடித்தார்கள். பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தார்கள். கல்யாணத்துக்கு லயத்து வாசலே பந்தல். சாவுக்கும் அதே வாசல்தான். மாரியம்மன் கோயிலை எழுப்பியதும் நம் காசே.

சங்கமும் சட்டமும் பிறகு வந்தன. 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1966-ல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-ல் 446-ஆம் சட்டம் வந்தது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். சமையலறை தனியாக வந்ததும், ஒரே கூரையில் இரண்டே வீடு என்ற இரட்டை வீடு வந்ததும், குழாயும் மின்சாரமும் வீட்டுக்குள் வந்ததும் சும்மா வந்தவை அல்ல. கேட்டு வாங்கியவை.

நம் பெயரில் இல்லாத வீடு

ஆனால் ஒன்றை மட்டும் எந்தக் கொத்தனாரும் சரி செய்யவில்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும்.

என் அப்பா 38 ஆண்டுகள் பால் மரம் வெட்டினார். அஞ்சடிக்குச் சொந்தக் காசில் சிமெண்டு போட்டார். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டியவன் நான்தான். "சிமெண்டுக்கு ஏதாச்சும் குடுப்பாங்களாடா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சங்க வேலைக்கு வந்தது அந்தக் கேள்வியினால்தான்.

1950-களிலும் 60-களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் தெருவுக்கு வந்தார்கள். அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று பங்குப் பணம் திரட்டினார். அப்புறமும் கதை முடியவில்லை. இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் பெராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகரமே நம்மவர்கள் வாழ்ந்த மண்ணில் நிற்கிறது.

தோழர்களே, இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று வார்த்தை.

வீடு ஒழுகினால் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மின்சாரம், பழுதுபார்ப்பு இவை முதலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

ஓய்வு பெறும் வயது வந்தபின் வீடு தேடாதீர்கள். ஐம்பதைத் தொடும் முன்பே புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேசுங்கள். மலிவு வீட்டுக்கு மனுப் போடுங்கள். வழி தெரியாவிட்டால் சங்கக் கிளைத் தலைவரைக் கேளுங்கள். தோட்டம் கைமாறும் என்று காதில் விழுந்தால், கடிதம் வரும்வரை காத்திராமல் எல்லாரும் ஒன்றுகூடி மாற்று வீடு கேளுங்கள்.

லயத்தை இடிக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த வீட்டில் யார் இருந்தார் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பாட்டியிடம் நானும் கேட்டேன். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை பதினாறு குடும்பங்களின் பெயரையும் தடுமாறாமல் சொன்னார். பாதி எழுதுவதற்குள் என் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. மீதியை எழுத அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.